யூஎஸ்பி லேன் அடாப்டரில் நெட்வொர்க் பூட் பாதியில் நிற்கிறது: 40 லேப்டாப்புக்கு இமேஜ் ஏற்ற வேண்டும்

காரைக்குடி_லேப்

வணக்கம். காரைக்குடியில் ஒரு பயிற்சி மையத்தில் கணினிக்கூடப் பொறுப்பில் இருக்கிறேன். புதிதாக 40 லேப்டாப் வந்திருக்கின்றன. எல்லாம் மெலிதான வகை, ஒன்றில் கூட லேன் போர்ட் கிடையாது. உபுண்டுவில் ஒரு ஃபாக் சர்வர் (விண்டோஸ் நிறுவிய வட்டின் பிரதியை, அதாவது இமேஜை, நெட்வொர்க் வழியாகப் பல கணினிகளுக்கு ஏற்றும் மென்பொருள்) ஏற்கெனவே ஓடுகிறது. பழைய டெஸ்க்டாப்களுக்கு அதிலிருந்துதான் இமேஜ் ஏற்றி வருகிறோம், எந்தக் குறையும் இல்லை. அதே முறையில் இவற்றுக்கும் ஏற்றலாம் என்று யூஎஸ்பி லேன் அடாப்டர்கள் வாங்கினோம்.

மூன்று விதமாக நிற்கிறது.

சில அடாப்டரைச் செருகினால் பூட் மெனுவில் நெட்வொர்க் என்ற பெயரே வருவதில்லை. விண்டோஸுக்குள் போனால் அதே அடாப்டர் நன்றாக வேலை செய்கிறது.

சிலவற்றில் ஐபிவி4 வழியாக பிஎக்ஸ்இ (நெட்வொர்க் வழியாகக் கணினியை எழுப்பும் முறை) தொடங்குவதாக ஒரு வரி வருகிறது, கொஞ்ச நேரம் நிற்கிறது, பிறகு பிஎக்ஸ்இ-இ18 அல்லது இ16 என்று பிழை எண் சொல்லிவிட்டு மெனுவுக்குத் திரும்புகிறது.

இன்னும் சிலவற்றில் பூட் கோப்பு இறங்கிவிட்டது என்றே வருகிறது. ஆனால் அடுத்த நொடி மறுபடி பூட் மெனு.

மையம் இருப்பது ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில். சுண்ணாம்புக் காரைச் சுவர், முகப்பில் வைத்த வைஃபை இரண்டாம் கட்டுக்குக்கூட ஒழுங்காக வருவதில்லை. அதனால் எல்லாம் கேபிள்தான். பென் டிரைவில் ஒவ்வொன்றாக ஏற்றலாம் என்று நிர்வாகம் சொல்கிறது. அடுத்த வருடமும் இதே வேலை வரும் என்பதால் நெட்வொர்க் வழியையே சரி செய்துவிட நினைக்கிறேன். வழி சொல்லுங்கள்.

செக்காலை_சர்வீஸ்

முதல் கேள்வி: அடாப்டருக்குள் என்ன சிப்? டப்பாவில் போட்டிருக்கும் பிராண்டு பெயர் உதவாது. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, அடாப்டரின் ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்கள். பொருள் எண் 8153 என்றால் ரியல்டெக் கிகாபிட் சிப். 8152 என்றால் அதே நிறுவனத்தின் 100 மெகாபிட் சிப். 1790 என்றால் ஏசிக்ஸ் 88179. ஒரே கடையில், ஒரே டப்பாவில் வாங்கினாலும் உள்ளே வேறு வேறு சிப் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

காரைக்குடி_லேப்

பார்த்துவிட்டேன் அண்ணே. மூன்று வகையும் கலந்து இருக்கிறது. எந்த லேப்டாப்பிலும் பூட் மெனுவில் தெரியாதவை எல்லாம் 1790. 8153 எல்லாமே தெரிகின்றன. 8152 சில லேப்டாப்பில் தெரிகிறது, சிலவற்றில் இல்லை.

பள்ளத்தூர்_நெட்வொர்க்

தம்பி, நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று தனிக் கோளாறுகள். எல்லாவற்றையும் ‘பிஎக்ஸ்இ வரவில்லை’ என்று ஒரே பெயரில் சேர்த்துப் பார்ப்பதால்தான் இந்த வேலை பலருக்கு நாட்கணக்கில் இழுக்கிறது. கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நெட்வொர்க் வழியாக ஒரு லேப்டாப் எழுந்து இமேஜ் வாங்குவதற்குள், அதே அடாப்டரை மூன்று வெவ்வேறு மென்பொருள்கள் அடுத்தடுத்துக் கையில் எடுக்கின்றன. முதலில் லேப்டாப்பின் ஃபர்ம்வேர், அதாவது போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள். அது டிஎச்சிபி-யில் முகவரி கேட்டு, டிஎஃப்டிபி-யில் ஒரு சின்ன பூட் கோப்பை இறக்குகிறது. இரண்டாவது அந்தப் பூட் கோப்பு, உங்கள் விஷயத்தில் ஐபிஎக்ஸ்இ. அது மறுபடி முகவரி கேட்கிறது, மெனு காட்டுகிறது, கர்னலை இறக்குகிறது. மூன்றாவது அந்த லினக்ஸ் கர்னல். மைக்ரோசாஃப்ட்டின் டபிள்யூடிஎஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு வின்பிஇ என்ற குட்டி விண்டோஸ். அதுவும் மறுபடி முதலிலிருந்து முகவரி கேட்கும்.

உங்கள் கட்டடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு, தனிச் சாவி. முகப்புச் சாவி கையில் இருக்கிறது என்பதற்காக இரண்டாம் கட்டு திறக்காது. அடாப்டருக்கான டிரைவர் இந்த மூன்று இடத்திலும் தனித்தனியாக இருக்க வேண்டும். விண்டோஸுக்குள் வேலை செய்கிறது என்பது நான்காவது இடத்தைப் பற்றிய செய்தி. அதை வைத்து இந்த மூன்றைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

அதனால் எதையும் மாற்றும் முன் திரையில் கடைசியாக வந்த வரி எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று பாருங்கள். போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால் நல்லது, அந்த வரிகள் ஓடி மறைந்துவிடும்.

உங்கள் முதல் கோளாறு, 1790 பூட் மெனுவில் வராதது, முதல் கட்டம். அந்த லேப்டாப்பின் ஃபர்ம்வேரில் ஏசிக்ஸ் சிப்புக்கு டிரைவர் இல்லை. அலுவலகப் பயன்பாட்டுக்கு என்று வரும் லேப்டாப்களில் பெரும்பாலும் ரியல்டெக் 8153-க்கான டிரைவரைத்தான் ஃபர்ம்வேரிலேயே வைத்து அனுப்புகிறார்கள், ஏனென்றால் அந்த நிறுவனங்கள் தங்கள் பெயரில் விற்கும் அடாப்டர்களிலும் டாக்குகளிலும் அந்தச் சிப் நிறைய இருக்கிறது. இந்த டிரைவரை நாமாகப் போய் நிறுவ முடியாது. ஃபர்ம்வேர் அப்டேட் வந்திருந்தால் போட்டுப் பாருங்கள், சில மாடல்களில் பழைய பதிப்பில் இல்லாத சிப் புதியதில் சேர்ந்திருக்கும். இல்லையென்றால் அடாப்டரைத்தான் மாற்ற வேண்டும்.

அதற்கு முன் பயாஸ் அமைப்பில் மூன்று விஷயம் பாருங்கள். யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதில் வந்த ஃபர்ம்வேர் முறை) நெட்வொர்க் ஸ்டாக் இயக்கத்தில் இருக்க வேண்டும். யூஎஸ்பி பூட் அனுமதி இருக்க வேண்டும். ஃபாஸ்ட் பூட் ‘மினிமல்’ என்று இருந்தால் ‘தரோ’ என்று மாற்றுங்கள். மினிமலில் ஃபர்ம்வேர் நேரம் மிச்சப்படுத்த யூஎஸ்பி சாதனங்களைத் தேடாமலே போய்விடும், 8152 சில லேப்டாப்பில் தெரிந்து சிலவற்றில் தெரியாததற்கு அது காரணமாக இருக்கலாம். லேப்டாப்பை முழுதாக அணைத்து, அடாப்டரைச் செருகி, கேபிளையும் மாட்டிவிட்டு, பிறகு ஆன் செய்யுங்கள். விண்டோஸில் ஷட் டவுன் கொடுப்பது பாதி உறக்கம்தான். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணையும்.

கோட்டையூர்_ஐடி

இவ்வளவு எதற்கு? செக்யூர் பூட்டை (கையொப்பம் இல்லாத பூட் கோப்பைத் தடுக்கும் அமைப்பு) ஆஃப் செய்து, லெகஸி மோடுக்கு, அதாவது பழைய பயாஸ் முறைக்கு மாற்றினால் எல்லாம் ஓடும். எங்கள் ஆபீஸில் அப்படித்தான் செய்தோம்.

பள்ளத்தூர்_நெட்வொர்க்

பழைய மாடல்களில் ஓடியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இப்போது வரும் லேப்டாப் பலவற்றில் லெகஸி மோடு என்பதே இல்லை. இருந்தாலும் விண்டோஸ் 11 யூஇஎஃப்ஐ-யைத்தான் எதிர்பார்க்கிறது, வட்டும் ஜிபிடி வடிவில் இருக்க வேண்டும். லெகஸியில் இமேஜ் ஏற்றிவிட்டு யூஇஎஃப்ஐ-க்கு மாற்றினால் அந்த விண்டோஸ் எழாது. 40 லேப்டாப்பையும் திரும்பத் தொட வேண்டிவரும்.

செக்யூர் பூட் பற்றி நீங்கள் சொன்னது பாதி சரி. ஃபாக் தரும் ஐபிஎக்ஸ்இ கோப்பு பொதுவாக மைக்ரோசாஃப்ட் கையொப்பம் இல்லாதது, அதனால் இமேஜ் ஏற்றும் நேரத்துக்கு மட்டும் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும். வேலை முடிந்ததும் திரும்ப இயக்கிவிடுங்கள். டபிள்யூடிஎஸ் கோப்புகள் கையொப்பம் உள்ளவை, அங்கே அணைக்க வேண்டிய தேவையே இல்லை.

காரைக்குடி_லேப்

ஃபாஸ்ட் பூட்டை மாற்றினேன். 8152 இப்போது எல்லா லேப்டாப்பிலும் தெரிகிறது. நன்றி அண்ணே. செக்யூர் பூட்டும் அணைத்தாயிற்று.

இனி இ18. ஒரு விஷயம் கவனித்தேன். அதே கேபிள், அதே சுவர் போர்ட். டெஸ்க்டாப்பை மாட்டினால் உடனே மெனு வருகிறது. லேப்டாப்பை மாட்டினால் இ18. மறுபடி முயன்றால் சில சமயம் வந்தும்விடுகிறது.

செக்காலை_சர்வீஸ்

உள்ளே என்ன ஸ்விட்ச்? மேனேஜ்டா (போர்ட் அமைப்புகளை நாமே மாற்றக்கூடியது), சாதாரணமா?

காரைக்குடி_லேப்

முகப்பு அறையில் ஒரு 24 போர்ட் மேனேஜ்டு ஸ்விட்ச். அங்கிருந்து வளவைச் சுற்றிப் பின்கட்டு லேப் வரைக்கும் நேரடி கேபிள்கள்.

பள்ளத்தூர்_நெட்வொர்க்

சில சமயம் வருகிறது, சில சமயம் வரவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்பேனிங் ட்ரீயை. மேனேஜ்டு ஸ்விட்ச்சில் ஒரு போர்ட்டில் இணைப்பு எழுந்தவுடன், வளையம் எதுவும் இல்லை என்று உறுதி செய்ய ஸ்விட்ச் அதைக் கொஞ்ச நேரம் அடைத்து வைக்கும். பழைய 802.1டி முறையில் கேட்க 15 நொடி, கற்க 15 நொடி, மொத்தம் 30 நொடி. அதற்குள் லேப்டாப் அனுப்பும் டிஎச்சிபி கேள்வி ஸ்விட்ச்சிலேயே விழுந்துவிடும். விதிப்படி பிஎக்ஸ்இ 4, 8, 16, 32 நொடி என்று காத்திருந்து திரும்பக் கேட்க வேண்டும். அவ்வளவு பொறுமை எல்லா ஃபர்ம்வேருக்கும் இல்லை.

டெஸ்க்டாப் ஏன் தப்பிக்கிறது? அதன் லேன் சிப் போர்டிலேயே இருக்கிறது, மின்சாரம் இருக்கும் வரை பெரும்பாலும் இணைப்பு எழுந்தே நிற்கும். யூஎஸ்பி அடாப்டர் அப்படி இல்லை. ஃபர்ம்வேர் அதைக் கண்டுபிடித்து டிரைவரை ஏற்றும்போதுதான் இணைப்பு எழும். ஐபிஎக்ஸ்இ கையில் எடுக்கும்போது ஒரு தடவை விழுந்து எழும், லினக்ஸ் எடுக்கும்போது இன்னொரு தடவை. ஒவ்வொரு முறையும் அந்த 30 நொடி முதலிலிருந்து ஓடும்.

உறுதி செய்ய எளிய வழி: ஒரு சாதாரண 5 போர்ட் ஸ்விட்ச்சை லேப்டாப்புக்கும் சுவர் போர்ட்டுக்கும் நடுவில் வையுங்கள். அப்போது பெரிய ஸ்விட்ச்சின் பக்கம் இணைப்பு விழாமல் நிற்கும். கோளாறு போய்விட்டால் காரணம் இதுதான். பிறகு மேனேஜ்டு ஸ்விட்ச்சில் லேப் போர்ட்களுக்கு மட்டும் போர்ட்ஃபாஸ்ட், அல்லது ‘எட்ஜ் போர்ட்’ என்று உங்கள் ஸ்விட்ச்சில் எப்படிப் பெயர் இருக்கிறதோ அதை இயக்குங்கள். ஸ்பேனிங் ட்ரீயை மொத்தமாக அணைத்துவிடாதீர்கள். யாராவது ஒரு கேபிளின் இரண்டு முனையையும் ஒரே ஸ்விட்ச்சில் மாட்டினால் மையம் முழுதும் நின்றுபோகும்.

பின்கட்டு வரைக்கும் போகும் கேபிளின் நீளத்தையும் பார்த்துவிடுங்கள். ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக இருக்கும் வீடுகளில், வளவைச் சுற்றிக் கேபிள் இழுத்தால் 100 மீட்டர் வரம்பு நினைப்பதை விடச் சீக்கிரம் வந்துவிடும்.

காரைக்குடி_லேப்

நடுவில் சின்ன ஸ்விட்ச் வைத்தேன். இ18 அறவே போய்விட்டது! எட்ஜ் போர்ட் அமைப்பையும் போட்டுவிட்டு, சின்ன ஸ்விட்ச் இல்லாமலும் பார்த்தேன். வருகிறது. கேபிள் வரம்புக்குள்தான் இருக்கிறது.

ஆனால் இப்போது எல்லா லேப்டாப்பும் மூன்றாவது கோளாறுக்கு வந்துவிட்டன. கோப்புப் பெயர் ‘அண்டிஒன்லி.கேபிஎக்ஸ்இ’ என்று காட்டுகிறது, இறங்கிவிட்டது என்கிறது, மறுபடி பூட் மெனு.

செக்காலை_சர்வீஸ்

அந்தப் பெயரிலேயே விடை இருக்கிறது தம்பி. அது பழைய பயாஸ் முறைக்கான பூட் கோப்பு. யூஇஎஃப்ஐ லேப்டாப் அதை ஒழுங்காக இறக்கிப் பார்த்து, தனக்கு ஓட்டத் தெரியாத வகை என்று விட்டுவிடுகிறது. உங்கள் டெஸ்க்டாப்கள் லெகஸியில் எழுபவை, அதனால்தான் அவற்றுக்குக் குறை வரவில்லை. டிஎச்சிபி யார் தருகிறார்கள்?

காரைக்குடி_லேப்

இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டர்தான் முகவரி தருகிறது. அதில் பூட் அமைப்பு எதுவும் செய்ய இடமில்லை. ஃபாக் சர்வரில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருள் ப்ராக்ஸி முறையில் ஓடுகிறது. அதில் ஒரே ஒரு பூட் கோப்புதான் எழுதியிருக்கிறது.

பள்ளத்தூர்_நெட்வொர்க்

நல்ல அமைப்புதான், மாற்ற வேண்டாம். ரவுட்டர் முகவரியைத் தரும், டிஎன்எஸ்மாஸ்க் பூட் தகவலை மட்டும் பக்கத்தில் நின்று தரும். அதற்கு யூடிபி 67, 69, 4011 ஆகிய போர்ட்கள் சர்வரின் ஃபயர்வாலில் திறந்திருக்க வேண்டும்; டெஸ்க்டாப் எழுவதால் உங்களுக்குத் திறந்தே இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். 4011-ஐ மட்டும் ஒரு தடவை சரிபாருங்கள்.

செய்ய வேண்டியது, வகை பார்த்துக் கோப்பு கொடுப்பது. ஒவ்வொரு கணினியும் டிஎச்சிபி கேள்வியிலேயே ஆப்ஷன் 93-ல் தன் வகை எண்ணைச் சொல்கிறது. 0 என்றால் பழைய பயாஸ். 7 என்றால் 64 பிட் யூஇஎஃப்ஐ, சிலது 9 என்றும் சொல்லும். டிஎன்எஸ்மாஸ்க்கில் 0-க்கு இப்போதிருக்கும் கோப்பு, 7-க்கும் 9-க்கும் ‘எஸ்என்பிஒன்லி.இஎஃப்ஐ’ என்று தனித்தனி வரி எழுதுங்கள். ஃபாக் நிறுவும்போதே அந்தக் கோப்பு டிஎஃப்டிபி கோப்புறையில் வந்து உட்கார்ந்திருக்கும்.

‘ஐபிஎக்ஸ்இ.இஎஃப்ஐ’ என்ற கோப்பும் பக்கத்தில் இருக்கும், அதை எடுக்காதீர்கள் என்பேன். அது தன் சொந்த டிரைவர்களைக் கொண்டு அடாப்டரைக் கைப்பற்றப் பார்க்கும். அங்கே டிரைவர் சரியாக அமையாவிட்டால், முதல் கட்டத்தில் ஓடிய அடாப்டர் இரண்டாம் கட்டத்தில் செத்துப்போகும். எஸ்என்பிஒன்லி அப்படிச் செய்யாது. ஃபர்ம்வேர் எந்த டிரைவரை வைத்து எழுந்ததோ அதையே கடன் வாங்கி ஓடும். யூஎஸ்பி அடாப்டருக்கு அதுதான் நம்பகமானது.

சந்தேகம் வந்தால் சர்வரில் வயர்ஷார்க் போட்டு 67, 68, 69, 4011 போர்ட்களைப் பாருங்கள். லேப்டாப் என்ன கேட்டது, யார் என்ன பதில் சொன்னார்கள் என்பது அப்படியே தெரியும். திரையில் வரும் பிழை எண்ணை வைத்து ஊகிப்பதைவிட அது பல மடங்கு மேல். இ16, இ18 இரண்டும் சொல்வது எதிர்பார்த்த பதில் வரவில்லை என்பது மட்டும்தான். யார் பேசவில்லை என்று அவை சொல்லாது.

காரைக்குடி_லேப்

ஃபாக் மெனு வந்துவிட்டது! 8153, 8152 இரண்டிலும். அண்ணே, மிக்க நன்றி.

கானாடுகாத்தான்_ரிமோட்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் சென்னை கம்பெனி ஒன்றின் ஐடி வேலையைக் கானாடுகாத்தானில் வீட்டிலிருந்தே பார்க்கிறேன். எங்கள் சென்னை அலுவலகத்தில் இமேஜ் ஏற்றுவது மைக்ரோசாஃப்ட்டின் கன்ஃபிகரேஷன் மேனேஜர் வழியாக. அங்கே இரண்டு தொல்லை. ஒன்று, வின்பிஇ வரை ஏறிவிடுகிறது, லோகோ வருகிறது, உடனே ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. இரண்டு, வேறொரு மாடலில் முதல் லேப்டாப் நன்றாக முடிகிறது, அதே அடாப்டரை அடுத்த லேப்டாப்பில் போட்டால் இதற்கு எந்த வேலையும் ஒதுக்கப்படவில்லை என்கிறது.

பள்ளத்தூர்_நெட்வொர்க்

முதலாவது மூன்றாம் கட்டக் கோளாறு. பூட் இமேஜ் இறங்கியது ஃபர்ம்வேர் டிரைவரின் புண்ணியத்தில். வின்பிஇ எழுந்ததும் தன் சொந்த டிரைவரைத் தேடுகிறது, கிடைக்கவில்லை, முகவரி இல்லாமல் சர்வரைத் தொட முடியாமல் திரும்பிவிடுகிறது. பூட் இமேஜின் அமைப்பில் கமாண்ட் சப்போர்ட்டை இயக்கி, வின்பிஇ வந்தவுடன் எஃப்8 அழுத்தி, ‘ஐபிகான்ஃபிக்’ கொடுங்கள். அடாப்டரே பட்டியலில் இல்லையென்றால் டிரைவர் இல்லை. அடாப்டர் இருந்து முகவரி மட்டும் இல்லையென்றால் மேலே சொன்ன ஸ்பேனிங் ட்ரீ பக்கம் போங்கள்.

டிரைவரைச் சேர்க்கும்போது லேப்டாப் மாடலுக்கான டிரைவர் மொத்தத்தையும் பூட் இமேஜுக்குள் கொட்டாதீர்கள். பூட் இமேஜுக்குத் தேவை நெட்வொர்க்கும் ஸ்டோரேஜும் மட்டும். சிப் தயாரித்த நிறுவனத்தின் 64 பிட் டிரைவரை எடுத்து, உங்கள் வின்பிஇ பதிப்புக்குப் பொருந்துவதாகப் பார்த்து, கன்சோல் வழியாகவோ டிஸ்ம் கட்டளையாலோ சேர்த்து, விநியோக இடங்களைப் புதுப்பியுங்கள். கடைசி அடியை விட்டுவிட்டுப் பழைய இமேஜையே திரும்பத் திரும்ப எழுப்பிப் பார்ப்பவர்கள் நிறைய.

இரண்டாவது, மேக் முகவரி விவகாரம், அதாவது ஒவ்வொரு லேன் சாதனத்துக்கும் உள்ள தனி அடையாள எண். மேக் இருப்பது அடாப்டரில். முதல் லேப்டாப் அந்த மேக்கோடு பதிவாகிவிட்டது. அடுத்த லேப்டாப் அதே மேக்கோடு வந்தால் சர்வர் அதைப் பழைய ஆள் என்று நினைக்கிறது. ஹயரார்க்கி அமைப்பில் இரட்டை ஹார்ட்வேர் அடையாளங்கள் என்று ஒரு பகுதி இருக்கும், 1610 பதிப்பிலிருந்து உண்டு. இமேஜ் வேலைக்கென்று வைத்திருக்கும் அடாப்டர்களின் மேக்குகளை அங்கே சேர்த்துவிட்டால், சர்வர் அவற்றைப் பொருட்படுத்தாமல் லேப்டாப்பின் போர்டிலேயே பதிந்த எஸ்எம்பயாஸ் எண்ணை வைத்து அடையாளம் காணும்.

கானாடுகாத்தான்_ரிமோட்

எஃப்8-ல் அடாப்டரே இல்லை. டிரைவர்தான். சென்னையில் உள்ளவர்களிடம் இரண்டையும் சொல்லிவிட்டேன். நன்றி ஐயா.

புதுவயல்_டீச்சர்

எங்கள் பள்ளி லேபிலும் ஃபாக்தான். அதில் இந்த மேக் தொல்லைக்கு என்ன செய்வது? ஒரே ஒரு நல்ல அடாப்டரை வைத்துக்கொண்டு எல்லா லேப்டாப்புக்கும் சுற்றுகிறோம்.

செக்காலை_சர்வீஸ்

அக்கா, ஃபாக் முக்கியமாக மேக்கை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறது. அதனால் சுற்றும் அடாப்டரை வைத்து லேப்டாப்பைப் பதிவு செய்யாதீர்கள். பதிவே இல்லாமல் மெனுவில் ‘டெப்ளாய் இமேஜ்’ தேர்ந்தெடுத்து, பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து, இமேஜைத் தேர்ந்தெடுங்கள். கணினிப் பெயர் தானாக அமையாது, அதைப் பிறகு ஒரு ஸ்க்ரிப்டிலோ கையாலோ வைத்துக்கொள்ள வேண்டும்.

சில மாடல்களில் பயாஸில் மேக் பாஸ்-த்ரூ என்று ஒரு அமைப்பு உண்டு. அடாப்டரின் மேக்குக்குப் பதில் லேப்டாப்பின் சொந்த மேக்கை அனுப்பும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஃபர்ம்வேரில் ஒரு மேக், லினக்ஸ் கட்டத்தில் அடாப்டரின் மேக் என்று இரண்டாகத் தெரியும் வாய்ப்பு உண்டு. எல்லாக் கட்டத்திலும் ஒரே மேக் வருகிறதா என்று ஒரு லேப்டாப்பில் பார்த்துவிட்டுப் பிறகு நம்புங்கள்.

காரைக்குடி_லேப்

அடுத்த இடத்தில் நிற்கிறேன். மெனு வருகிறது, இமேஜைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸ் எழுகிறது, முகவரியும் வாங்குகிறது. ஆனால் ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்கிறது. எல்லாம் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி வட்டு.

பள்ளத்தூர்_நெட்வொர்க்

நெட்வொர்க் வேலை முடிந்தது, இது ஸ்டோரேஜ். பயாஸில் சேமிப்பு முறை ரெய்டு அல்லது இன்டெல் ஆர்எஸ்டி என்று இருக்கும். அதில் என்விஎம்இ வட்டு லினக்ஸின் கண்ணில் படாமல் போகும். ஏஎச்சிஐ என்று மாற்றுங்கள். முக்கியம்: மாஸ்டர் இமேஜ் எடுக்கும் லேப்டாப்பையும் அதே முறையில் வைத்துத்தான் விண்டோஸ் நிறுவ வேண்டும். ரெய்டு முறையில் நிறுவிய விண்டோஸ், ஏஎச்சிஐ-க்கு மாற்றிய லேப்டாப்பில் நீலத் திரையோடு நிற்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று. மாஸ்டர் லேப்டாப்பில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் அணைந்திருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் 11 பல லேப்டாப்களில் கேட்காமலே அதை இயக்கிவிடுகிறது. பூட்டிய வட்டை ஃபாக் சுருக்க முடியாது. அணைத்து, பூட்டு முழுதாக நீங்கும் வரை காத்திருந்து, சிஸ்ப்ரெப் (பல கணினிகளுக்கு ஏற்றும்படி விண்டோஸைத் தயார் செய்யும் கருவி) செய்து, பிறகு இமேஜ் எடுங்கள்.

காரைக்குடி_லேப்

ஏஎச்சிஐ மாற்றியதும் வட்டு தெரிகிறது. மாஸ்டரையும் அதே முறையில் புதிதாக நிறுவி இமேஜ் எடுத்துவிட்டேன். முதல் லேப்டாப்புக்கு ஏறி, விண்டோஸும் எழுந்துவிட்டது.

வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரிகிறது. 8152-ல் மிகவும் மெதுவாகப் போகிறது.

செக்காலை_சர்வீஸ்

அது 100 மெகாபிட் சிப். கணக்குப் பாருங்கள்: 20 ஜிபி இமேஜ் என்றால் 100 மெகாபிட்டில் எல்லாம் சரியாக ஓடினாலே கிட்டத்தட்ட 27 நிமிடம். கிகாபிட்டில் கம்பி மட்டும் பார்த்தால் 3 நிமிடத்துக்குள், அங்கே வட்டின் வேகமும் சுருக்கிய இமேஜை விரிக்கும் நேரமும்தான் தடை. 8153-ஐயும் யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் 480 மெகாபிட்டுக்குமேல் போகாது, போர்ட்டைப் பார்த்துச் செருகுங்கள்.

ஒரே நேரத்தில் 40-ஐயும் ஆரம்பிக்க வேண்டாம். சர்வரின் ஒரே கிகாபிட் கம்பியை எல்லாரும் பங்கு போட வேண்டும். ஃபாக்கில் ஒரு சேமிப்பு முனைக்கு (இமேஜ் வைத்திருக்கும் சர்வருக்கு) ஒரே நேரத்தில் 10 என்ற வரம்பு தொடக்கத்திலேயே இருக்கும். நான் ஐந்து ஐந்தாக ஓட்டுவேன், ஒன்று நின்றாலும் எது என்று கண்ணில் படும்.

சர்வருக்கும் ஸ்விட்ச்சுக்கும் யூபிஎஸ் இருக்கட்டும். லேப்டாப்புக்கு பேட்டரி இருப்பதால் கரண்ட் போனாலும் ஓடும் என்று நினைப்போம், நடுவில் ஸ்விட்ச் அணைந்தால் பாதி எழுதிய வட்டோடு லேப்டாப் நிற்கும்.

புதுவயல்_டீச்சர்

எங்கள் லேப்டாப்பில் டைப்-சி போர்ட் ஒன்றே ஒன்றுதான். சார்ஜரை மாட்டினால் அடாப்டருக்கு இடமில்லை. ஹப் வைக்கலாமா?

பள்ளத்தூர்_நெட்வொர்க்

வைக்கலாம் டீச்சர், சார்ஜர் உள்ளே வரும் வசதி உள்ள ஹப்பாக இருக்க வேண்டும். லேன் போர்ட் சேர்ந்தே வரும் ஹப்பும் கிடைக்கிறது, அதற்குள்ளும் என்ன சிப் என்று கேட்டு வாங்குங்கள். ஹப்புக்குள் ஹப் என்று அடுக்காதீர்கள், ஃபர்ம்வேர் அதைத் தாண்டிப் பார்க்காமல் போகலாம். பயாஸில் தண்டர்போல்ட் அல்லது டைப்-சி பூட் அனுமதி என்று தனி அமைப்பு இருந்தால் அதையும் இயக்க வேண்டும்.

காரைக்குடி_லேப்

ஐந்து ஐந்தாக ஏறிக்கொண்டிருக்கிறது. செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்கி ஒன்றைப் பார்த்தேன், விண்டோஸ் நன்றாக எழுகிறது. ஃபர்ம்வேர் அப்டேட் போட்டும் 1790 அடாப்டர்கள் மட்டும் பூட் மெனுவில் வரவில்லை. அவற்றைத் தூக்கிப்போடுவதா?

பள்ளத்தூர்_நெட்வொர்க்

தூக்கிப்போட வேண்டாம். லினக்ஸ் கர்னலில் ஏசிக்ஸ் 88179-க்கு டிரைவர் இருக்கிறது, முதல் கட்டத்தில் மட்டும்தான் இடறுகிறது. க்ளோன்சில்லா லைவை (இமேஜ் எடுக்கவும் ஏற்றவும் உதவும் லினக்ஸ்) ஒரு பென் டிரைவில் போட்டு, அதிலிருந்து எழுப்பி, இதே அடாப்டர் வழியாக சர்வரில் வைத்த இமேஜை இறக்கலாம். இமேஜின் வடிவம் ஃபாக்கினுடையதாக இருக்காது, க்ளோன்சில்லாவிலேயே தனியாக ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அல்லது விண்டோஸ் ஏறிய பிறகு தினசரி உபயோகத்துக்கு மாணவர்களிடம் கொடுங்கள், வைஃபை வராத பின்கட்டில் அவை நன்றாக உதவும்.

அடுத்த முறை வாங்கும்போது ரிச்சி ஸ்ட்ரீட் ஆகட்டும், மதுரை ஆகட்டும், முதலில் ஒன்றே ஒன்று வாங்கி, சிப் எண்ணைப் பார்த்து, உங்கள் லேப்டாப்பின் பூட் மெனுவில் தெரிகிறதா என்று சோதித்துவிட்டு மீதியை வாங்குங்கள். மொத்தமாக வந்தபின் அந்த மூட்டையிலிருந்தும் சிலவற்றை எடுத்து சிப் எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

காரைக்குடி_லேப்

சரி அண்ணே. 8153 உள்ளவற்றுக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, இமேஜ் வேலைக்கென்று தனிப் பெட்டியில் வைத்துவிட்டேன். டிஎன்எஸ்மாஸ்க் வரிகளையும் எட்ஜ் போர்ட் எண்களையும் எழுதி சர்வர் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. புதுவயல் டீச்சருக்குத் தேவையென்றால் அதன் படத்தை அனுப்புகிறேன்.

புதுவயல்_டீச்சர்

அனுப்புங்கள் தம்பி. சனிக்கிழமை எங்கள் லேபில் உட்காருகிறோம்.